நடுப்பகலில் நிற்கும் தண்ணீர்

பொழுது உச்சிக்கு ஏறினால் தண்ணீர் நின்றுவிடுகிறது. பொழுது சாய்ந்தால் தானாக வருகிறது. ஏன் என்று ஜீவானந்தத்துக்குப் புரியவில்லை.

அடைப்பு இல்லை. அடைப்பு என்றால் காலையிலும் அல்லவா அடைத்திருக்கும்? ஊற்று வற்றவில்லை. வற்றினால் சாயங்காலம் எங்கிருந்து வரும்? ஒழுகலும் இல்லை, கறுப்புக் குழாயை ஊற்றிலிருந்து வீடு வரை கையால் தடவிப் பார்த்தாகிவிட்டது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஊற்று மேலே, வீடு கீழே, நடுவில் ஒரு குழாய். கெட்டுப்போவதற்கு எதுவுமே இல்லாத ஓர் ஏற்பாடு தினமும் கெட்டுப்போனது.

ஈப்போ நகரத்தில் ஓய்வு பெறும்வரை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். ஓடுகிற ஒன்று நின்றால் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், அல்லது ஒரு கை இருக்க வேண்டும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த கணக்கு. இங்கே சுவிட்ச் இல்லை. ஆகவே கை. அந்தக் கை யாருடையது என்று நேற்று ஊற்றங்கரையில் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

போன வாரம் அந்த வார்த்தையோடுதான் நாம் நிறுத்தினோம்: "நிறுத்தறது வேற யாரும் இல்ல, என் மச்சான்தான்."

இன்றுதான் இந்தக் குடும்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜீவானந்தம் மலேசியாவில் பிறந்த தமிழர். இன்னும் அந்த நாட்டுக் குடிமகன். அவர் மனைவி திரௌபதி, திருப்பத்தூருக்கு மேலே மலையில் இருக்கிற புதூர்நாட்டுப் பெண். நர்ஸாக ஈப்போவுக்கு வேலைக்குப் போன இடத்தில் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேலையெல்லாம் முடிந்ததும் இருவரும் அவள் பிறந்த மலைக்கே வந்து, அவள் அப்பாவின் மனையில் ஓட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். வந்து எட்டு வருஷம். வெளிநாட்டுக்காரர் என்பதால் இங்கே விவசாய நிலம் வாங்க அவருக்கு வழியில்லை. அப்பா போன பிறகு மனை திரௌபதியின் தம்பி வேடியப்பன் கையில் இருக்கிறது. வேடியப்பனுக்கு அக்கா கணவரான இந்த மாமாவைப் பிடிக்காது. மறைத்தும் வைத்ததில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஊற்றுத் தண்ணீர்தான். பழைய குழாய் இற்றுப்போனதும், ஜீவானந்தம்தான் சென்ற மாதம் புதுக் குழாய் இழுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் இந்த நடுப்பகல் வியாதி.

* * *

காலையில் மகள் நிவேதா ஈப்போவிலிருந்து அழைத்தாள். தினமும் அழைப்பாள். தினமும் ஒரே கேள்விதான்.

"அப்பா, எப்ப வர்றீங்க? அங்க உங்களுக்கு யார்ப்பா இருக்கா?"

"இங்க நல்லாத்தான்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீவானந்தம் கோப்பியை உறிஞ்சினார். எட்டு வருஷமாகியும் அவருக்கு அது காபி ஆகவில்லை.

போனை வைப்பதற்குள் வாசலில் சாந்தம்மாள் நின்றாள். வேடியப்பனின் மனைவி. கையெல்லாம் புளி ஓடு. புளி உலுக்கும் காலம். மலையில் எல்லாருக்கும் கைநிறைய வேலை. அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றால் நல்லதுக்கு இல்லை.

"அண்ணி, ஒரு சேதி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உள்ள வரலை."

"வந்தா இன்னா? வூடு கடிச்சிடுமா?" என்றாள் திரௌபதி.

"கடிக்கிறதுக்குத்தான் வூட்டுல ஆள் கீறாரே. அவர் சொன்ன வார்த்தை ஊரு முழுக்கச் சுத்திட்டுது. உங்க தம்பி பொழுது சாயச்சொல்ல சாமிக் கல்லாண்ட சூடம் அணைக்கப் போறாரு. ஊர்க்கவுண்டர்கிட்ட சொல்லியாச்சு. உங்க வூட்டுக்காரரையும் வரச் சொன்னாரு."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஆனால் இரண்டு எட்டு போனதும் திரும்பிப் பார்க்காமலே ஒன்று சொன்னாள்: "பெட்டி கட்டுறதுக்கு ஒத்தாசை வேணும்னா கூப்பிடுங்க அண்ணி. மலேசியாப் பெட்டி கனமா இருக்கும்."

ஜீவானந்தம் சிரித்தார். "சூடம் அணைக்கட்டுமே. அதுக்கு நான் எதுக்கு?"

திரௌபதி சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எட்டு வருஷம் இருந்தாலும் தெரியாது."

அவள் சொன்னது இதுதான். அந்த ஊற்று கோயில் காட்டுக்குள் இருக்கிறது. காடும் கல்லும் தண்ணீரும் எல்லாம் சாமிக்குச் சொந்தம். வீட்டுக்குள் யாரை என்ன திட்டினாலும் அது சண்டை. ஊற்றங்கரையில் நின்றுகொண்டு ஒருவனைத் தண்ணீர் மறித்தான் என்று சொன்னால் அது சாமி முன்னால் வைத்த குற்றம். குற்றம் சாட்டப்பட்டவன் கல்லின்மேல் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்வான். செய்துவிட்டால் அவன் சுத்தம். அதோடு முடியாது. பொய்க் குற்றம் சொன்னவனோடு ஊர் தீயும் தண்ணீரும் புழங்காது. அந்த ஊற்றில் அவன் குடம் வைக்க முடியாது. ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். புதூர்நாட்டில் பஸ் எத்தனை வருகிறது? ஜீப் இல்லாமல் திருப்பத்தூருக்கு மாத்திரை வாங்கக்கூட இறங்க முடியாது.

"அப்புறம் நாம இங்க எப்படி இருக்கறது? அவன் நம்மள வெளிய தள்ள வேணாம். நாமளே போயிடுவோம்" என்றாள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"ஊத்தாண்ட போயி இப்படிப் பேசுவீங்கன்னு எனக்கு இன்னா கனவா வந்துச்சு?"

"நான் பொய் சொல்லலையே, திரௌபதி. யோசிச்சுப் பாரு. போன வாரம் ஒரே ஒரு நாள்தான் பகல் முழுக்கத் தண்ணி நிக்காம வந்துச்சு. அன்னிக்கு உன் தம்பி எங்க இருந்தான்? ஆலங்காயம் போயிருந்தான். ஆள் மலையில இல்ல, தண்ணி நிக்கல. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அவன் வூட்டுக்கும்தானே நிக்குது? தன் வாயில தானே மண்ணு போட்டுக்குவானா?"

"என்னை விரட்டறதுக்குப் போட்டுக்குவான்."

"வார்த்தையைத் திருப்பி எடுத்துக்குங்க. சூடம் கொளுத்தறதுக்கு முன்னாடி எடுத்துக்கிட்டா விட்டுருவாங்க."

"செய்யாத தப்புக்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்கணும்?"

"செஞ்சீங்களா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது" என்றாள் திரௌபதி. "கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி பேசுறீங்க. ஆனா ஏன் நிக்குதுன்னு கேட்டா முழிக்கிறீங்க."

அது சுட்டது. ஏனென்றால் அது உண்மை.

* * *

உச்சி வெயில் ஏறும் நேரத்துக்கு ஜீவானந்தம் மேலே கிளம்பினார். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

குழாய் போகும் வழியை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துக்கொண்டால் பிறகு நடப்பது எளிதாகப் புரியும். ஊற்றிலிருந்து கிளம்பும் குழாய் முதலில் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. பிறகு ஒரு மொட்டைப் பாறையின்மேல் ஏறுகிறது. பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் சரசரவென்று வீடுகளுக்கு இறங்குகிறது. பழைய குழாய் பாறையைச் சுற்றி மண்ணுக்குள் போனது. அது எந்தக் காலத்திலோ புதைத்தது. புதுக் குழாயை அப்படிப் புதைக்கலாமா என்று கேட்டபோது, கோயில் காட்டில் கடப்பாரை படக்கூடாது என்றான் வேடியப்பன். சரி, ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுப்போம் என்று ஜீவானந்தம் மண்ணைத் தொடாமல் பாறைமேலேயே ஏற்றிக் கொண்டுபோய்விட்டார். பாறை உச்சி ஊற்றைவிடத் தாழ்வுதான். அங்கே நின்றால் ஊற்றின் வாய் ஒரு ஆளின் தோள் மட்டத்தில் தெரியும். தண்ணீர் தான் கிளம்பிய மட்டத்துக்குக் கீழே இருக்கிற எந்த மேட்டையும் தானாகவே ஏறி இறங்கிவிடும். காலையிலும் மாலையிலும் ஒழுங்காக ஏறித்தானே இறங்குகிறது?

பாறையில் யாரும் இல்லை. ஊற்றுக்குப் போனார். வேடியப்பன் இருந்தான். ஆனால் குழாயின் பக்கத்தில் இல்லை. தள்ளி, நிழலில் உட்கார்ந்து, மாடு தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீவானந்தம் குழாயின் வாயைப் பார்த்தார். தண்ணீருக்குள் நன்றாக முங்கியிருந்தது. கையை வைத்தார். இழுப்பு இல்லை. வாய் முங்கியிருக்கிறது, ஆனால் தண்ணீர் உள்ளே போகவில்லை.

"இன்னா மாமா, திருடன் மாட்டிக்கினானா?" என்றான் வேடியப்பன், எழுந்திருக்காமல்.

"இப்ப நின்னுபோயிருக்கு. நீ இங்க இருக்கே."

"மாடும்தான் இங்க கீது. அதையும் சூடம் அணைக்கச் சொல்லவா?"

"எங்க அமுக்கினே? வழியில எங்க மடிச்சு வச்சிருக்கே?"

வேடியப்பன் எழுந்தான். அவன் முகத்தில் இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. "மாமா, நான் வெளிப்படையாவே சொல்றேன். நீ இங்க இருக்கறது எனக்குப் புடிக்கலை. கடல் தாண்டி வேலைக்கு வந்த எங்கக்காவை அங்கயே நிறுத்திக்கினே. எங்கம்மா சாவுக்குக்கூட அவ வரலை. வயசான அப்புறம் திரும்பி வந்து, எங்கப்பன் மனையில உக்காந்துக்கினு எங்களுக்கே பைப்பு போடக் கத்துத் தர்றே. புடிக்கலை. போன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள் நான். திருட்டுத்தனமா பைப்பை அமுக்கற ஆள் இல்ல."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

"உன் பைப்பைக் கேளு! நல்லா இருந்த ஊத்தை உன் பைப்பு வந்து கெடுத்துடுச்சு. சத்தியம் அப்புறம். மொதல்ல இத்த அறுத்துக் கடாசறேன்."

இடுப்பிலிருந்த கொடுவாளை உருவிக்கொண்டு வேடியப்பன் பாறைக்கு ஓடினான். பின்னால் ஜீவானந்தம் மூச்சிரைக்க ஓடினார். "டேய், வெட்டாதே! வெட்டாதேடா!"

இந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் கீழே குடத்தை வைத்துக்கொண்டு காய்ந்த குழாயடியில் நின்றிருந்த திரௌபதி தலை நிமிர்ந்தாள். பாறை உச்சியில் தம்பியின் கை ஓங்குவது அவளுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் யாரை வெட்டப் போகிறான் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

கொடுவாள் இறங்கியது. குழாய் பாதி அறுந்தது.

தண்ணீர் பீய்ச்சவில்லை. உஸ்ஸ் என்று ஒரு சத்தம். சைக்கிள் டியூபில் ஆணி குத்தினால் வருமே, அந்தச் சத்தம். நீளமாக வந்தது. வேடியப்பன் பாம்பு என்று நினைத்துப் பின்னால் தாவினான். சத்தம் தேய்ந்தது, வெட்டில் குமிழ் குமிழாகப் பொங்கியது, பிறகு தண்ணீர் பளிச்சென்று எழும்பி இருவர் முகத்திலும் அடித்தது.

கீழேயிருந்து திரௌபதி கத்தினாள். "தண்ணி வருதுங்க! டேய் வேடியப்பா, தண்ணி வருதுடா!"

ஒருவன் குழாயை அறுக்கிறான், தண்ணீர் வருகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டையின் நடுவில் இருவருக்கும் ஒரே சந்தேகம் வந்துவிட்டால் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

ஜீவானந்தம் தோளிலிருந்த துண்டைக் கிழித்து வெட்டின்மேல் இறுக்கிக் கட்டினார். குழாயைத் தொட்டார், கை பொசுக்கென்றது. கறுப்புக் குழாய், மொட்டைப் பாறை, உச்சி வெயில். காத்திருந்தார்கள். வேடியப்பன் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், ஆனால் நின்றான்.

கீழேயிருந்து குரல் வந்தது. "சன்னமாயிட்டு வருது!" கொஞ்சம் கழித்து, "நின்னுடுச்சு!"

துண்டை அவிழ்த்தார். உஸ்ஸ். பிறகு தண்ணீர். கீழே, "வருது!"

"மறுபடியும் கட்டு" என்றான் வேடியப்பன். கேட்டுவிட்டோமே என்று அவனுக்கே கோபம் வந்திருக்க வேண்டும்; உடனே பாறையில் எச்சிலைத் துப்பினான்.

மறுபடியும் கட்டினார். மறுபடியும் அதேதான்.

திரௌபதி மேலே ஏறி வந்து சேர்ந்தபோது கணவர் பாறையில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து" என்றார். "உள்ள காத்து அடைச்சுக்குது. ஆனா காலையில அடைக்கல, சாயங்காலம் அடைக்கல. இவன் ஆலங்காயம் போன அன்னிக்கு மட்டும் பகல்லயும் அடைக்கல. அதுதான் புரியல."

"அன்னிக்கு ஏதுங்க வெயிலு?" என்றாள் திரௌபதி. "நாள் முழுக்க மூட்டம் போட்டிருந்துச்சு. சாந்தம்மா உலர்த்துன புளியெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சுன்னு பொலம்பினாளே."

ஜீவானந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

வேடியப்பன் மலையில் இல்லாத நாளும் வெயில் இல்லாத நாளும் ஒரே நாள். அவர் பார்த்தது மச்சானை மட்டும். மேகத்தைப் பார்க்கவில்லை.

சமையலறையில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால், கொதிப்பதற்கு வெகு முன்னாலேயே பொட்டுப் பொட்டாகக் குமிழ்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்போம். குளிர்ந்த தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. சூடானால் அது வெளியே வந்துவிடும். பாறைமேல் குழாய் சுடச்சுட, உள்ளே அதுதான் நடந்தது. வெளியே வந்த காற்று மேடான இடத்தைத் தேடிப் போய்ப் பாறை உச்சியில் சேர்ந்தது. சேர்ந்த காற்று வெயிலில் உப்பியது. உப்பி, மூடி போட்ட மாதிரி தண்ணீரை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டது. பொழுது சாய்ந்து பாறை ஆறினால் காற்று சுருங்கும். அப்போது தண்ணீர் இடுக்கு பார்த்து மேட்டைத் தாண்டும். தாண்டியதும் மிச்சக் காற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். காலையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

"பாறை மேல போட்டது யாரு?" என்று கேட்டான் வேடியப்பன்.

"நான்தான்."

"அப்ப தண்ணிய மறிச்சது யாரு?"

கடப்பாரை போடாதே என்று சொன்னது நீ என்று ஜீவானந்தத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கினார்.

"ஓட்டையை அப்படியே வுட்டுட்டா?" என்றாள் திரௌபதி.

"இருக்கற தண்ணியெல்லாம் பாறையிலயே போவும்" என்றான் வேடியப்பன். அதுவும் சரிதான். பிறகு கொடுவாளைத் துடைத்து இடுப்பில் செருகினான். "வழி கண்டுபுடிச்சாலும் கண்டுபுடிக்காட்டியும், பொழுது சாயச்சொல்ல நான் சூடத்தோட வருவேன். அதுக்கு முன்னாடி ஊரு எதிர்ல வாயைத் தொறந்து வார்த்தைய எடுத்துக்கோ. எடுத்துக்கினாலும் மனை எங்கப்பன் மனை. அத்த மறந்துடாதே."

"எங்கப்பன்னு சொல்றியே, அவரு எனக்கு யாருடா?" என்றாள் திரௌபதி. குரலை உயர்த்தவில்லை. "ஊரு கூடட்டும். இவரு பேசி முடிச்சப்புறம் நான் பேசறேன். என் பங்கைக் கேட்கறேன்."

எட்டு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஜீவானந்தமே திடுக்கிட்டார்.

"கேளு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வேடியப்பன் இறங்கிப் போய்விட்டான்.

* * *

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சாமிக் கல்லைச் சுற்றி ஊர் நின்றது. முன்னால் ஊர்க்கவுண்டர் முனியன், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு. சாந்தம்மாள் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில். திரௌபதி தனியாக. வேடியப்பன் குளித்து ஈர வேட்டியோடு வந்திருந்தான். வலது உள்ளங்கையில் சூடம்.

"மலேசியாக்காரரே" என்றார் முனியன், "நேத்து சொன்ன சொல்லு நிக்குதா, இல்லையா? நிக்குதுன்னா அவன் கொளுத்தட்டும்."

"ஐயா, நான் சொன்னது தப்பு" என்றார் ஜீவானந்தம்.

"தப்புன்னு வாயால சொன்னா ஆச்சா?" என்றது சாந்தம்மாளின் குரல். "உள்ளுக்குள்ள இன்னும் எங்க வூட்டு ஆளைத்தான் நெனைச்சினு இருப்பாரு. நாளைக்குத் தண்ணி நின்னா மறுபடியும் சொல்லுவாரு."

கூட்டத்தில் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். முனியன் அவர்களை அடக்கவில்லை. "அந்தம்மா கேக்கறதும் ஞாயம்தான். அவன் மறிக்கலைன்னா, மறிச்சது எது? இனிமே நிக்காதுன்னு எப்படிச் சொல்றே? சாமி முன்னாடி சொல்லு."

வேடியப்பன் சூடத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் திறந்தான். குச்சியை எடுத்தான். உரசவில்லை, மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீவானந்தம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் முன்னால் வந்து நின்றார். மத்தியானமெல்லாம் யோசித்ததை மனசுக்குள் ஒருமுறை வரிசைப்படுத்திக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவர் மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"தண்ணிய நிறுத்தினது வேடியப்பன் இல்ல. காத்து. வெயில்ல பைப்பு சுட்டா பாறை உச்சியில காத்து சேரும், சேர்ந்தா தண்ணி நிக்கும். அந்தப் பைப்பை அங்க போட்டவன் நான். அது நிக்காம இருக்க இதுதான் வழி: பாறை உச்சியில, இப்ப வெட்டு இருக்கற இடத்துல, இங்கிலீஷ் 'டீ' எழுத்து மாதிரி மூணு வாய் இருக்கற ஜாயிண்டு ஒண்ணு போடணும். அதுல ஆள் உயரத்துக்கு ஒரு பைப்பை நிமிர்த்தி வைக்கணும். ஊத்து தோள் மட்டத்துலதான் இருக்கு. தண்ணி தான் கிளம்பின மட்டத்துக்கு மேல ஏறாது, அதனால அந்தப் பைப்பு வழியா ஒரு சொட்டுக்கூட வெளிய வழியாது. காத்து மட்டும் வெளிய போகும். அதோட, கீழ ரெண்டு வூட்டு டேப்பையும் பாதிக்கு மேல திறக்கக்கூடாது. முழுக்கத் திறந்தா மேலேயிருந்து வர்றதைவிட வேகமா கீழ இழுக்கும், நிமிர்ந்த பைப்பு வழியா காத்து உள்ள பூந்துடும். பாதி திறந்தா போதும். காத்து மேல போயிடும், தண்ணி கீழ வரும், உச்சி வெயில்லயும் வரும்."